முதல் காவல் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: டி.எம்.களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டி.எம்.களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறேன்; நாங்கள் கதாபாத்திரங்களாக ஆட, டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) கதையையும் விதிகளையும் நடத்தும் மேஜை விளையாட்டு அது. பெரும்பாலும் மேஜையின் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வப்போது உங்கள் பக்கமும். ஒரு வாரம் முழுக்க யோசித்து வைத்த நகரத்தை நாங்கள் பத்து நிமிடத்தில் கடந்து போகும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: ரெஸ்ட் விதிகளை (கதாபாத்திரங்கள் ஓய்வெடுத்து, செலவான சக்தியைத் திரும்பப் பெறும் விதிகள்) நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதை, நாங்கள் கதாபாத்திரம் உருவாக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் ஐந்தாம் லெவல். பாழடைந்த காவல் கோபுரம் ஒன்றில் படுத்திருக்கிறோம். மறுநாள் மதியத்துக்குள் ஒரு கைதியை மீட்க வேண்டும். கையில் மந்திரம் இல்லை, உடம்பில் உயிர் இல்லை, அதனால் லாங் ரெஸ்ட், அதாவது எட்டு மணி நேர ஓய்வு. ஏழாவது மணி நேரத்தில் ஓநாய்கள் வந்தன. நான்கு ரவுண்டில் சண்டை முடிந்தது. கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பாத்திரம்) ஆடிய தோழி, செலவானதாகப் பென்சிலால் குறித்து வைத்திருந்த ஸ்பெல் ஸ்லாட்டுகளை (எத்தனை மந்திரம் போடலாம் என்ற கணக்கு) அழிக்க ரப்பரை எடுத்துவிட்டார். அப்போது டி.எம். சொன்னார்: "ரெஸ்ட் கலைஞ்சாச்சு. மறுபடி எட்டு மணி நேரம்."

ரப்பர் அப்படியே நின்றது. அப்புறம் நாற்பது நிமிடம் வாக்குவாதம். கைதியை மீட்கும் கதை அன்றைக்கு நடக்கவே இல்லை. இதில் யாரும் விதியை மீறவில்லை. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் படித்திருந்தார்கள்.

விதிப் புத்தகத்தின் 2014 பதிப்பில் அந்த வாக்கியம் கிட்டத்தட்ட இப்படிப் போகிறது: குறைந்தது ஒரு மணி நேர நடை, சண்டை, மந்திரம் ஏவுதல் அல்லது அது போன்ற சாகசச் செயலால் ரெஸ்ட் தடைபட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் சொன்னாலும் அதே சிக்கல் கூடவே வருகிறது பாருங்கள். "ஒரு மணி நேர" என்பது நடையை மட்டும் தொட்டு நிற்கிறதா, கடைசி வரை நீள்கிறதா? எங்கள் டி.எம். முதல் மாதிரி படித்தார். தோழி இரண்டாவது மாதிரி படித்தார்.

இரண்டையும் கடைசி வரை கொண்டுபோய்ப் பார்ப்போம். ஒரு ரவுண்டு 6 விநாடி. ஒரு மணி நேரம் என்றால் 600 ரவுண்டு. நான் ஆடியதிலேயே பெரிய சண்டை பதினைந்து ரவுண்டைத் தாண்டியதில்லை. அதாவது, தோழியின் வாசிப்பில் எந்தச் சண்டையாலும் தூக்கம் கலையாது. ராத்திரி டிராகனே வந்தாலும், கொன்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம். டி.எம். வாசிப்பிலோ, காவலுக்கு நிற்கும் விசார்ட் (மந்திரவாதி) வெளிச்சத்துக்காக ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) போட்டால்கூட அத்தனை பேரின் ராத்திரியும் போச்சு. இரண்டு முனையிலும் பொருந்தாத இடம் இருக்கிறது. அதனால் வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் பதில் அதற்குள் கிடைக்காது. யாராவது ஒருவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான்.

2024 பதிப்பு இந்த இடத்தைச் சரிசெய்துவிட்டது என்பது என் கருத்து. அதில் இனிஷியேட்டிவ் உருட்டினாலே, அதாவது சண்டை தொடங்கி யார் முறை முதலில் என்று டைஸ் போட்டாலே, லாங் ரெஸ்ட் தடைபடும். அடி பட்டாலும், கேன்ட்ரிப் அல்லாத மந்திரம் ஏவினாலும் அப்படியே. நடைக்கும் உடல் உழைப்புக்கும் மட்டும் ஒரு மணி நேர அளவு. ஆனால் உடனே ரெஸ்டைத் தொடரலாம். ஒவ்வொரு தடைக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுத்தால் போதும். எங்கள் கோபுரத்தில் இந்த விதி இருந்திருந்தால் ஓநாய்கள் எடுத்துக்கொண்டது ஒரு மணி நேரம். கைதிக்கு ஆபத்து கூடியிருக்கும், எங்களுக்கும் நெஞ்சு படபடத்திருக்கும், ஆனால் கதை நகர்ந்திருக்கும். ஓநாய்கள் வந்ததற்கும் அர்த்தம் இருந்திருக்கும். நீங்கள் 2014 புத்தகத்தை வைத்து நடத்தினாலும் இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனதாரக் கேட்கிறேன்.

லாங் ரெஸ்ட்டுக்காவது சண்டை போட ஆள் இருக்கிறது. ஷார்ட் ரெஸ்ட்டில் (ஒரு மணி நேரச் சிறு ஓய்வு) ஒருவர் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருப்பார்.

வார்லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் மந்திரம் போடும் ஒரு பாத்திர வகைதான். இரண்டாம் லெவலிலிருந்து பத்தாம் லெவல் வரை இரண்டே ஸ்லாட். அவை ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்ப வரும் என்பதை நம்பித்தான் ஒருவர் வார்லாக் ஆடவே உட்காருகிறார். மாங்கின் (வெறுங்கையாலும் சண்டை போடும் துறவி) கீ என்ற சக்திப் புள்ளிகள், ஃபைட்டரின் (போர்வீரர்) சிறப்புத் திறன்களான ஆக்‌ஷன் சர்ஜ், செகண்ட் விண்ட் எல்லாம் அப்படித்தான். விசார்ட்டுக்கும் கிளெரிக்குக்கும் பெரும் பங்கு லாங் ரெஸ்ட்டில் வருகிறது. 2014 டி.எம். புத்தகம் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல்களையும், நடுவே ஏறக்குறைய இரண்டு ஷார்ட் ரெஸ்டுகளையும் மனதில் வைத்துத்தான் கணக்குப் போட்டது. நான் உட்கார்ந்த மேஜைகளில் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோ சண்டைதான். விசார்ட் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு "படுக்கலாமா?" என்று கேட்பார். வார்லாக் அதே நாளில் இரண்டு மந்திரம் போட்டிருப்பார். அவருக்கு வர வேண்டிய நான்கு ஸ்லாட்டுகள் வரவே இல்லை. யாரும் பறிக்கவில்லை, அதனால் அவரால் புகாரும் சொல்ல முடியாது.

"ஒரு மணி நேரம் இங்கே உட்கார்ந்தால் பூதங்கள் வந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கும் கேள்வி கதைக்கு நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி வந்தால், ஷார்ட் ரெஸ்ட் கேட்கவே கூச்சமாகிவிடுகிறது. மூன்றாவது முறை அந்த மாங்க் வாய் திறக்க மாட்டார். இதை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன்: கீ என்று எழுதிய கட்டத்தில் பூஜ்யம், கையில் டைஸ், சண்டையில் ஒரே அடி, அடுத்தவர் முறை.

ஒரு மணி நேரம் உங்கள் கதைக்கு நீளம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் புத்தகத்திலேயே வழி உண்டு. ஷார்ட் ரெஸ்ட் ஐந்து நிமிடம், லாங் ரெஸ்ட் ஒரு மணி நேரம் என்பது 2014 டி.எம். புத்தகத்தில் ஒரு மாற்று விதி. எதிர்த் திசையில் இன்னொன்று: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். நீண்ட பயணமும் அரண்மனைச் சூழ்ச்சியும் உள்ள கதைகளுக்கு இந்த இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு காயத்துக்கு எடை வந்துவிடும். ஆனால் இதைப் பாதியில் கொண்டுவராதீர்கள். மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு மந்திரம் எட்டு மணி நேரம்தான் நிற்கும். தினமும் காலையில் அதைப் போடலாம் என்று எண்ணித் தேர்ந்தெடுத்த விசார்ட்டுக்கு, ஸ்லாட்டுகளில் பெரும் பங்கு இனி அடுத்த லாங் ரெஸ்ட்டில்தான் திரும்பும். முன்பே தெரிந்திருந்தால் அவர் வேறு மந்திரம் எடுத்திருப்பார், ஒருவேளை வேறு கிளாஸே (பாத்திர வகையே) எடுத்திருப்பார்.

டைனி ஹட் என்ற பாதுகாப்புக் கூடார மந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தடி ஆரம், எட்டு மணி நேரம், ரிச்சுவலாக (கூடுதல் நேரம் எடுத்து) போட்டால் ஸ்லாட்டும் வேண்டாம். உங்களுக்கு அது எரிச்சல் என்று புரிகிறது. ஆனால் அதைக் கற்றவர், நண்பர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் கற்றார். ஒவ்வொரு ராத்திரியும் அதைக் கலைக்க ஒரு எதிரி மந்திரவாதியை அனுப்பாதீர்கள். புத்தியுள்ள எதிரி வெளியே காத்திருக்கட்டும், வழியை அடைக்கட்டும், ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரட்டும். ஓய்வு ஓய்வாகவே இருக்கும், காலை கடினமாக இருக்கும்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு, மறுக்கவில்லை. வார்லாக்கையும் சோர்சரரையும் (இன்னொரு மந்திரவாதி வகை) ஒரே கதாபாத்திரத்தில் கலந்து, தூங்காமலே ஷார்ட் ரெஸ்ட் மேல் ஷார்ட் ரெஸ்ட் எடுத்து ஸ்லாட் சேர்ப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு 2017-இல் வந்த ஸனதார் என்ற துணை விதிப் புத்தகத்தில் பதில் இருக்கிறது: 24 மணி நேரம் லாங் ரெஸ்ட் இல்லாமல் போனால் டி.சி. 10 கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதிக்காக டைஸ் உருட்டி 10-ஐ எட்ட வேண்டும்), தோற்றால் ஒரு படி களைப்பு, அடுத்தடுத்த நாளுக்கு டி.சி. ஐந்து ஐந்தாக ஏறும். அந்த விதி உண்டு என்று முதல் நாளே சொன்னால் போதும், யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

முதல் நாள் கூடும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சண்டை வந்தால் ரெஸ்ட் கலையுமா, தொடருமா? ஒரு நாளில் எத்தனை ஷார்ட் ரெஸ்ட் எதிர்பார்க்கலாம்? கவசத்தோடு தூங்கலாமா? உங்கள் பதில் எதுவாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறோம். ஏழாவது மணி நேரத்தில் முதன்முறையாக அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்று கேட்கும்போது, பதில் சொல்வதற்கு முன் மாங்க் ஆடுபவரின் ஷீட்டை ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மேஜையில் ஆடும் ஒருவர்