தாயக்கட்டைக்குள் ஒரு கணக்குப் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. எந்த விளையாட்டு, எந்த வயதில், அதில் என்ன கணக்கு இருக்கிறது, எந்த இடத்தில் சொதப்பும் என்பது மட்டும் வருவதே இல்லை. அதனால் பலரும் முதல் மாதத்திலேயே மர எழுத்துப் பெட்டி, மணிச்சட்டம், வண்ணப் பலகை என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். மூன்றாம் மாதம் அத்தனையும் பரணில் கிடக்கிறது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று ஆட்டங்களை ஆழமாக ஆடினாலே போதும் என்பது எங்கள் கட்சி. அதை விவரமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் தாயம். பித்தளைக் கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும், நான்காவது மொட்டை. இரண்டு கட்டைகளையும் உருட்டிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும்; ஒன்று வந்தால் அதுதான் தாயம், இரண்டும் மொட்டையாக விழுந்தால் பன்னிரண்டு. ஆக, இரண்டு கட்டைகள் விழ 4 × 4 = 16 வழிகள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அந்த 16-ஐயும் தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்திலேயே நிறுத்திவிடும். ‘ஒன்றும் மொட்டையும்’, ‘மொட்டையும் ஒன்றும்’ ஒன்றுதானே என்று கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான் அது; வாயால் விளக்கிப் பயனில்லை. ஒரு கட்டையின் நுனியில் மட்டும் நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். (முகத்தில் வைத்தால் கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும்.) சிவப்பு நுனிக் கட்டையில் ஒன்று விழுவதும் மற்றதில் ஒன்று விழுவதும் வேறு வேறு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

எழுதி முடித்தால் கணக்கு இப்படி நிற்கும்: பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் ஒவ்வொரு வழி, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, மூன்றுக்கு நான்கு. கூட்டினால் 16. நம் பழைய பின்னப் பெயர்கள் இங்கே அப்படியே வந்து பொருந்துவதைப் பாருங்கள். பன்னிரண்டு விழும் வாய்ப்பு வீசம், தாயத்துக்கு அரைக்கால், இரண்டுக்கு மூன்று வீசம், மூன்றுக்குக் கால். பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பாடப் புத்தகம் சொல்லும்போது விழிக்கும் பிள்ளைக்கு, ‘அரைக்கால்னா எட்டு தடவை உருட்டினா சராசரியா ஒரு தாயம்’ என்றால் சட்டென்று பிடிபடும். இன்னொன்றையும் பிள்ளையே கண்டுபிடிக்கும்: மறு ஆட்டம் கிடைக்கும் 1, 5, 6, 12 நான்கும் அபூர்வமாக விழுபவை. அடிக்கடி விழும் 2, 3, 4-க்கு மறு ஆட்டம் கிடையாது. இந்த விதியை வைத்தவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து 160 முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், நாளைக்கு 40 வீதம் நான்கு நாள். எதிர்பார்ப்பது: பன்னிரண்டு 10, ஆறு 10, தாயம் 20, ஐந்து 20, இரண்டு 30, நான்கு 30, மூன்று 40. சொல்லிவைத்தாற்போல் வராது. பன்னிரண்டு ஏழு முறையோ பதின்மூன்று முறையோ விழுந்தால் அது இயல்பு. 25 முறை விழுந்தால் கட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது பிள்ளை உருட்டாமல் ‘வைக்க’க் கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க இன்னொருவரை உருட்ட வைத்து எண்ணலாம். அதைவிட நல்ல அறிவியல் பாடம் கடையில் கிடைக்காது.

ஆட்டம் கெடுவது ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில்தான். தாயம் விழாமல் காய் இறங்காது; பிள்ளை அழும்; அப்பா பரிதாபப்பட்டு இறக்கிவிடுவார். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போவது நான்கில் ஒரு தடவை நடக்கக்கூடியது. ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘தாயத்துக்கும் இறங்கலாம், ஐந்துக்கும் இறங்கலாம்’ என்று ஆரம்பத்திலேயே விதி வைத்துவிடுங்கள். வாய்ப்பு அரைக்காலிலிருந்து காலுக்கு ஏறும். விதியை முன்கூட்டி மாற்றலாம். நடுவில் இரக்கப்பட்டு மாற்றக் கூடாது. மாற்றினால் பிள்ளை கணக்கைக் கற்காது, அழுகையைக் கற்கும்.

பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் 70 முத்து (எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும்). குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வதால், நான்கை எண்ணாமலே பார்த்துச் சொல்லும் பழக்கம் ஐந்து வயதிலேயே வந்துவிடும். பெரிய பாடம் இரண்டாம் சுற்றில் இருக்கிறது. ஜெயித்தவரிடம் 42, தோற்றவரிடம் 28 என்று வையுங்கள். தோற்றவர் ஐந்து ஐந்தாக நிரப்பினால் ஐந்து குழி நிரம்பி மூன்று மிஞ்சும், இரண்டு குழி காலி. ஜெயித்தவருக்கு ஏழு குழியும் நிரம்பிக் கையில் ஏழு. மீதி வரும் வகுத்தல் இதுதான், ஆனால் அந்தப் பெயரை அன்றைக்கே சொல்லாதீர்கள். ஆட்டத்தின் நடுவே ‘28-ஐ ஐந்தால் வகுத்தா எவ்வளவு?’ என்று கேட்ட மாத்திரத்தில் ஆட்டம் செத்துப் பரீட்சை தொடங்கிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து நோட்டில் அதே கணக்கைப் போடும்போது ‘குழி நிரப்புற மாதிரி’ என்று நினைவுபடுத்தினால் போதும். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் முத்துக்களை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வையுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் போகும் அளவுதான் அவை.

எழுத்துக்கு வருவோம். 247 எழுத்தையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பது வீண் உழைப்பு. பதினெட்டு அகரமேறிய மெய்யை (க முதல் ன வரை) மட்டும் பத்து சென்டிமீட்டர் அகல அட்டைகளில், எழுத்து நடுவில் வருமாறு எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) துண்டு போட்டுப் புள்ளி, கால் (ா), கொக்கி (ி), கொம்பு (ெ) முதலிய குறிகளைத் துண்டுக்கு ஒன்றாக மார்க்கரில் எழுதி அட்டை மேல் வைக்கலாம். புள்ளியோடு சேர்த்துப் பத்துத் துண்டு. அட்டையை எழுத்தை ஒட்டி வெட்டினால் கொம்புக்கு இடது பக்கம் இடம் இருக்காது. முதல் தடவை செய்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தவறுவார்கள். டி, டீ மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். உகரமும் ஊகாரமும் இந்த முறைக்கு வரவே வராது, ஏனென்றால் கு, டு, மு ஒரு சுழி, சு, பு, வு கீழ்க்கோடு, து, நு, லு இன்னொரு வளைவு. அந்த 36-க்கும் தனி அட்டைதான், மூன்று கூட்டமாகப் பிரித்து. படிக்கும்போது பிள்ளைகள் தடுக்கி விழும் இன்னொரு இடம் கொம்பு. ‘மகேசன்’ என்பதில் நடுவில் நிற்கும் கொம்பை முன்னால் இருக்கும் ‘ம’வோடு சேர்த்துப் படித்துவிடும். கொம்பு எப்போதும் வலப்பக்கத்து எழுத்தின் சொத்து என்று துண்டை வைத்துக் காட்டிவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகும். தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்களைக் கொடுக்கிறீர்கள் என்றால், 1978-இல் உருமாறிய 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை ஒரு தாளில் எழுதிப் புத்தக அட்டைக்குள் செருகி வையுங்கள்.

கதைப் புத்தகத்தில் சிக்கல் வேறு. பேச்சில் ‘போனான்’, புத்தகத்தில் ‘சென்றான்’. பேச்சில் ‘வந்துட்டிருந்தப்பதான்’, புத்தகத்தில் ‘வந்துகொண்டிருந்தபோதுதான்’. எழுத்து முழுக்கத் தெரிந்த பிள்ளையும் இந்த நீளத்தைக் கண்டு மிரளும். உடனே ‘படிப்பு வரலை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் நாள் அச்சில் இருப்பதை மாற்றாமல் பெரியவர் வாய்விட்டுப் படிக்கட்டும். இரண்டாம் நாள் அதே கதையைப் பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். மூன்றாம் நாள் பிள்ளை படிக்க, பெரியவர் விரலால் நீளச் சொல்லை ‘வந்து – கொண்டு – இருந்த – போது – தான்’ என்று மறைத்து மறைத்துத் திறக்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரே புத்தகத்தைப் பத்தாம் முறை கேட்டால் தடுக்காதீர்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகவே இருக்கின்றன. முதல் படிநிலைக் கதையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் என்பதால் தாளில் அச்செடுத்துத் தைப்பதும் எளிது.

எழுதும் பயிற்சிக்கு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி. புள்ளிகளுக்கு எண் கொடுத்துவிட்டு ஒவ்வொரு நகர்த்தலையும் ‘புலி 4-லிருந்து 9’ என்று நோட்டில் எழுத வையுங்கள். நேற்றுத் தோற்ற ஆட்டத்தை இன்று திரும்ப ஆடிப் பார்க்க வேண்டும் என்றால் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து தானாகத் திருந்தும்.

இந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதி போட்டு வைத்தால், பிற்பாடு பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குக் காட்ட உதவும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-வது பிரிவு சொல்கிறது, தண்டனை எதுவும் குறிப்பிடவில்லை. பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4-வது பிரிவு. தலைமையாசிரியரிடம் பேசப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போனால் பேச்சு சுமுகமாக இருக்கும். பள்ளி வேண்டாம் என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வித் திட்டமும், 14 வயது நிறைந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பும் உண்டு. ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப் பாடம். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. பதின்மூன்று வயதில் இதையெல்லாம் விசாரிக்கத் தொடங்குவது தாமதம்; பதினொன்றிலேயே பாடங்களையும் பயிற்று மொழியையும் பார்த்து வைப்பது நல்லது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் ‘வண்ணம் தீட்டுக’ படத்துக்கு அரைப் பக்கம் போகிறது. மாதத்தில் ஒரு வாரமாவது அந்த இடத்தில் ஆடுபுலிக் கட்டத்தை 23 புள்ளிகளுக்கும் எண் போட்டு, புளியங்கொட்டை நிற்கும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். பின்பக்கத்தில் விளம்பரம் வேண்டாம், மை இப்பக்கம் தெரியும். வெட்டி அட்டையில் ஒட்டுபவர்களுக்கு அது இடைஞ்சல். விடை அடுத்த வாரம் என்று எதுவும் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வீட்டுக்கல்வி வாசகர்கள்,
மதுரை.