கோழி, நாய், பூனை வளர்ப்பு: ஞாயிற்றுக்கிழமை கூட்டம்

செந்தூல் தாமான் (குடியிருப்பு) குடும்பங்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு கோழிக் கூண்டுக்காக இரண்டு வீட்டார் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டார்கள். இத்தனை வருஷம் பழகியவர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மாநகர் மன்றத்துக்குப் புகார் போகும் முன் நாமே உட்கார்ந்து பேசலாம்.

வரும் ஞாயிறு, காலை 10 மணி, ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் குழு) அறை.

1. கோழி, வாத்து, ஆடு வைத்திருப்பவர்கள் மாநகர் மன்ற அனுமதிக் கடிதம் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் இப்போதே போய் விசாரியுங்கள். நம்முடையது வரிசை வீடு; பின்சந்தில் கூண்டு வைத்தால் நாற்றமும் எலியும் அடுத்த வீட்டுக்கும் போகும்.

2. நாய் லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

3. தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவி மாற்றுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு.

4. யாரும் விஷம் வைக்காதீர்கள். 2015 விலங்கு நலச் சட்டப்படி வதை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கோபம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வந்து பேசுகிறேன்.

வெள்ளி இரவுக்குள் வீட்டு எண், என்ன பிராணி, எத்தனை என்று பதில் போடுங்கள். எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி.

நன்றி.
குழுச் செயலாளர்