அந்த ஆள் புத்தகத்தை ஏன் படிக்கிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோபமாகப் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். "நிறவெறிக்கு வக்காலத்து வாங்கின ஆள் அந்த பக்லி, அவன் புத்தகத்தைப் போய்ப் படிக்கிறியேம்மா" என்றாய். போனில் உனக்குப் பதில் சொல்லி முடியாது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

புத்தகத்தை நான் தேடிப் போகவில்லை. அமெரிக்காவில், ஸ்டாம்ஃபோர்டில் உன்னோடு இருந்த ஆறு மாதத்தில், பக்கத்துத் தெருவில் யாரோ வீடு காலி செய்யும்போது ஓர் அட்டைப் பெட்டியில் பழைய புத்தகங்களை வாசலில் வைத்திருந்தார்கள். அதில் எடுத்தது. 'ஸ்டெயின்டு கிளாஸ்', 1978இல் வந்த உளவு நாவல். எழுதிய வில்லியம் பக்லி, அமெரிக்க வலதுசாரிப் பத்திரிகையாளர், உங்கள் ஊர்க்காரர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2008 பிப்ரவரியில், ஸ்டாம்ஃபோர்டு வீட்டில், எழுதுகிற அறையிலேயே உயிர் போயிருக்கிறது. 82 வயது.

கம்யூனிஸ்ட் என்றாலே முகம் சுளிக்கிற மனிதர், தன் பக்கம் செய்வதெல்லாம் தர்மம் என்று எழுதியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ஜெர்மனியை ஒன்றாக்கப் புறப்படுகிற நல்லவன் ஒருவனைத் தீர்த்துக்கட்ட, ரஷ்யாக்காரனோடு அமெரிக்கா கை கோக்கிறது. அவனோடு பழகிய, அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் இளைஞன் ஒருவன் தலையில் அந்த வேலை விழுகிறது. பக்லியே 1951 வாக்கில் கொஞ்ச காலம் மெக்சிகோவில் சி.ஐ.ஏ.வில் இருந்தவர். முடிவைச் சொல்லமாட்டேன்.

நாவலெல்லாம் அவருக்குக் குளிர்கால வேலை. வருஷா வருஷம் சுவிட்சர்லாந்து போய், ஒரு நாளைக்கு 1,500 வார்த்தை என்று கணக்கு வைத்து எழுதுவாராம். வேர்ட்ஸ்டார் என்கிற அந்தக் காலத்து டைப்பிங் சாஃப்ட்வேரைக் கடைசிவரை விடவில்லை. படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் அச்சகத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரிலும் அதுதான். சேமித்து மூட கன்ட்ரோல், கே, டி. என் விரலுக்கு இன்னும் மறக்கவில்லை.

மற்ற நாளெல்லாம் பத்திரிகை. 1955 நவம்பரில் 'நேஷனல் ரிவ்யூ' என்கிற வலதுசாரி இதழை ஆரம்பித்தபோது முப்பது வயது நிரம்பவில்லை. அப்பா எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்தவர், ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். பத்திரிகை லாபம் பார்க்கவே இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசி, பத்தி எழுதி, டிவியில் 33 வருஷம் விவாதம் நடத்தி ஓட்டினார். பேர் அவருக்கு. ஆனால் நிர்வாக ஆசிரியராகக் கால் நூற்றாண்டுக்கு மேல் இதழைக் கட்டி மேய்த்தது அவர் அக்கா பிரிசில்லா. 28 வருஷம் புரூஃப் பார்த்தவள் நான். பத்திரிகை யாரால் வெளியே வருகிறது என்று எனக்குத் தெரியாதா?

சரி, நீ சொன்ன விஷயம். நீ வைத்த பிறகு தேடிப் படித்தேன். 'நேஷனல் ரிவ்யூ'வின் 1957 ஆகஸ்ட் தலையங்கம். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கிற இடத்திலும் அவர்கள் கைதான் ஓங்க வேண்டும், ஏனென்றால் இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்கிறது. கையெழுத்து இல்லாத தலையங்கம், எழுதியது அவர்தான். மூன்று தடவை படித்தேன். நீ சொன்னது சரி. 'அந்தக் காலம் அப்படி' என்று நான் மழுப்பப் போவதில்லை. அதே காலத்தில்தானே கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் எழுதிக்கொண்டிருந்தார். 1965இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் முன்னால் இருவரும் விவாதத்தில் மோதினார்கள். பால்ட்வினுக்கு 544 ஓட்டு, பக்லி பக்கம் 164.

எங்கள் வார இதழில் தப்பு வந்தால் அடுத்த வாரம் 'வருந்துகிறோம்' என்று ஒரு கட்டம் போடுவோம். பக்லி அந்தக் கட்டத்தைப் போட 47 வருஷம் ஆயிற்று. காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியது தப்பு, மத்திய அரசு தலையிட்டிருக்கத்தான் வேண்டும் என்று 2004இல் சொன்னார். ரொம்ப லேட். ஆனாலும் சொன்னார். நான் வேலை பார்த்த ஆசிரியர்களில் சிலர் கமா விட்டுப்போனதைக்கூட ஒத்துக்கொண்டதில்லை.

நேரு காலத்தில் டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த பொருளாதார நிபுணர் கால்பிரெய்த், கொள்கையில் பக்லிக்கு நேர் எதிர். ஆனால் இருவரும் சேர்ந்து பனிச்சறுக்கு போவார்கள், மேடையில் சண்டை போடுவார்கள், மறுபடி சேர்ந்து சாப்பிடுவார்கள். யாரும் யாரையும் பிளாக் செய்யவில்லை.

அவர் மகன் கிறிஸ்டோபரும் நாவலாசிரியர். அப்பா போன அதே 2008இல், எதிர்ப்பக்கமான ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்குத்தான் என் ஓட்டு என்று எழுதினார். அப்பாவின் பத்திரிகையில் எழுதிவந்த பத்தியிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். சரி, போ என்று உடனே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உன் அப்பாவைக் கேட்டேன். "முதல்ல காபி போடு" என்றார்.

வத்தக்குழம்புப் பொடி அரைத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை பார்சல் போடுகிறேன். அடியில் அந்தப் புத்தகமும் இருக்கும். படிக்கிறதும் படிக்காததும் உன் இஷ்டம். ஓரத்தில் இருக்கிற பென்சில் சுழியெல்லாம் என்னுடையது, அழிக்காதே.

அன்புடன்,
அம்மா