இரண்டாம் பருவ நிறைவும் பினாங்குப் பயணமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. அரையாண்டுத் தேர்வு முடிவுகள் திருப்தி அளிக்கின்றன. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. மழையால் தள்ளிப்போன விளையாட்டு விழாவும் ஒருவழியாக நடந்தேறியது. பரிசு பெற்ற அனைவருக்கும் பாராட்டுகள். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் காணலாம்.

நம் பாட்மிண்டன் அணி மே மாதம் மலேசியாவின் பினாங்கு செல்வது தங்களுக்குத் தெரியும். அங்குள்ள பள்ளி ஒன்றுடன் நட்புப் போட்டிகள், கடைசி நாள் மாலை நம் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி. இந்தப் பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அணித் தலைவியின் பெயரை அறிவித்த அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. மறுநாள் சிலர் நேரிலும் வந்தார்கள். கோரிக்கையை மரியாதையாகத்தான் வைத்தார்கள். அந்தப் பெண் நன்றாக ஆடுகிறாள், தலைவியாகவே இருக்கட்டும். ஆனால் கொடி ஏந்தவும் மேடையில் நம் ஊரைப் பற்றிப் பேசவும் 'நம் பிள்ளை' ஒருவரை நிறுத்தலாமே என்றார்கள். மணிப்பூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை நம் பண்பாட்டின் தூதராக நின்றால் பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்பது அவர்கள் கவலை.

வெளிநாட்டில் நம்மைப் பற்றி நல்லெண்ணம் ஏற்பட வேண்டும் என்ற அக்கறையில்தான் இதைச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த அக்கறை எனக்கும் உண்டு.

ஆனால் இனம் என்பது முகவெட்டு மட்டும்தானா? முன்னோர், மொழி, உணவு, வழிபாடு, தலைமுறைகளாகக் காத்துவரும் நினைவுகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கூட்டத்தார் தம்மை ஓரினம் என்று உணர்கிறார்கள். குடியுரிமை வேறு, வளர்ந்த ஊரின் மீதுள்ள பற்று வேறு. பிள்ளைகள் போகவிருக்கும் நாட்டில் நம்மவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற மணி ஜெகதீசன் தமிழ் வம்சாவளியினர். ஓடியது மலேசியாவுக்காக. அவரைப் பார்த்து யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

அதே நாட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய வம்சாவளி பாட்மிண்டன் வீராங்கனை கிசோனா செல்வதுரை 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்கு ஒற்றையர் தங்கம் வென்று தந்தவர். 2021இல் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கோப்பை அரையிறுதியில் ஜப்பானின் அகானே யமகுச்சியிடம் தோற்றார். யமகுச்சியிடம் தோற்பதெல்லாம் ஒரு குற்றமா! ஆனால் அரசியல் கட்சிக்காரர் ஒருவர் அவருடைய இனத்தையும் நிறத்தையும் இழித்துச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இதைக் கேட்டால் நமக்கும் கோபம் வருகிறது அல்லவா? வரத்தான் வேண்டும்.

வரலாற்று ஆசிரியனாக இருந்த பழக்கம் விடுவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற கறுப்பின ஓட்டவீரர் ஜெசி ஓவன்ஸை அமெரிக்க அரசு 1955இல் நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கு அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். கறுப்பின வீரரை உலகுக்குக் காட்டிப் பெருமை தேடிய நாடு, அவருடைய மக்களைப் பஸ்ஸின் பின்பகுதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நம் கோரிக்கை இதற்கு நேர்மாறானது: உள்ளூரில் கோப்பை வாங்கித் தரட்டும், வெளியே முகம் காட்ட வேண்டாம் என்கிறது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் நாடே அப்படிப் பார்க்கவில்லை: 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஹாக்கி வீரர் மன்பிரீத் சிங்குடன் நம் தேசியக் கொடியை ஏந்தி வந்தவர் மணிப்பூரின் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம்.

ஆகவே, முடிவில் மாற்றமில்லை. அணித் தலைவிதான் கொடி ஏந்துவார், அவர்தான் பேசுவார்.

இன்னொன்றையும் கண்டிப்புடன் சொல்லியாக வேண்டும். 'சைனா' என்று அந்த மாணவியை அழைக்கும் குரல் ஐந்தாம் வகுப்பு வரை கேட்கிறது. எங்கள் பாடநூல் எதிலும் அந்தப் பாடம் இல்லை. இனி அப்படி அழைக்கும் மாணவர் பெற்றோருடன் என் அறைக்கு வர வேண்டியிருக்கும். அணியில் இருப்பவரானால் பயணத்தில் இடமில்லை. குழுவில் அவருடைய படத்துடன் கேலி செய்து பதிவிட்டவர்கள் இன்றே அதை நீக்கிவிட வேண்டும்.

பெரும்பாலான பெற்றோர் இதில் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதை அறிவேன். அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. ஒயிலாட்டத்துக்கான ஆடைகளைத் தைத்துத் தரத் தாய்மார்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கோரிக்கையுடன் வந்தவர்களில் இருவர், பேசிய பிறகு, கலை நிகழ்ச்சிக்கு உதவுவதாகச் சொல்லிச் சென்றார்கள். அவர்களுக்குச் சிறப்பு நன்றி. நிகழ்ச்சியில் ஒயிலாட்டமும் சிலம்பமும் உண்டு. வாளும் ஈட்டியும் கொண்டு ஆடும் மணிப்பூரின் தாங்-தா கலையையும் சேர்க்கலாம் என்று முதலில் சொன்னவர்கள் அணியின் மற்றப் பிள்ளைகள்தாம்.

பாஸ்போர்ட் நகலும் பெற்றோர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தின் வெள்ளிக்கிழமைக்குள் உடற்கல்வி ஆசிரியரிடம் சேர வேண்டும். சிலம்பக் கம்புகளை விமானத்தில் எப்படிக் கொண்டுசெல்வது என்று அவர் விசாரித்து வருகிறார். வழி தெரிந்தவர்கள் அவரிடம் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்