மின்னணு டிரம்ஸுக்குப் பெட்டி வாங்குமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவிழாக் கச்சேரிகளுக்கு முழு மின்னணு டிரம்ஸையே வேனில் ஏற்றிச் செல்லும் மெல்லிசைக் குழுக்கள் உண்டு. எட்டு அடிதட்டுகள் ஒரே பலகையில் உள்ள ஆக்டோபேடைத் தோளில் மாட்டிக்கொண்டு போன பழக்கத்தில் சிலர் இதற்கும் மெல்லிய பை வாங்குகிறார்கள். சிலர் பயந்துபோய், எல்லாம் அடங்கும் ஒரே பெரிய ஃபிளைட் கேஸ், அதாவது உலோக விளிம்பு வைத்த கெட்டியான மரப்பெட்டி, செய்யச் சொல்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. எந்தப் பாகம் எதனால் கெடும் என்று பார்த்த பிறகே பெட்டிக்குப் போக வேண்டும்.

வலைத்தோல் போர்த்திய அடிதட்டான மெஷ் பேடைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வலைத்தோலுக்கு அடியில், நடுவில், கூம்பு வடிவ ஃபோம் ஒன்று, அடியை உணரும் சென்சாரின் மேல் நிற்கும். தோலின் மேல் பாரம் ஏறி மணிக்கணக்கில் அழுத்தினால் கூம்பு அமுங்கிவிடும். பழைய உயரத்துக்குத் திரும்பாது. அதன்பின் நடுவில் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறாது. ஒலியை உண்டாக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான மாட்யூலில் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) கூட்டி ஒப்பேற்றினால், பக்கத்துப் பேடின் அதிர்வுக்கெல்லாம் இது தானாக ஒலிக்கத் தொடங்கும். ஆகவே பேட்களை அடுக்கும்போது எடை விளிம்பு வளையத்தில் மட்டுமே இறங்க வேண்டும். நடுவை வட்டமாக வெட்டி எடுத்த 20 மி.மீ. ஃபோமை இரண்டு பேட்களுக்கு இடையே வைத்தால் போதும். முட்டை அட்டை போல மேடுபள்ளமான ஃபோமை மூடியில் ஒட்டித் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். மேடு போய்க் கூம்பின் மேலேயே உட்காரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அளவிலும் ஏமாறுகிறோம். 8 அங்குல பேட் என்பது தோலின் அளவு. வளையத்தோடு சேர்த்தால் 10 அங்குலம்கூட வரும். வயர் செருகும் ஜாக்கும் ஸ்டாண்டில் பிடிக்கும் கிளாம்பும் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் முனைவரை டேப்பால் அளந்து, ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. சேர்த்தால் கிடைப்பதுதான் பெட்டியின் உள்ளளவு.

ரப்பர் சிம்பல்களின் விளிம்புக்கடியில் மெல்லிய சுவிட்ச் பட்டை ஓடுகிறது. சிம்பலை நிற்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் பட்டை அழுந்திச் சிக்கிக்கொள்ளும். கையால் பிடித்து நிறுத்தியதாக மாட்யூல் நினைத்துக்கொண்டு ஒலியை வெட்டிவிடும். இவற்றுக்குத் தட்டையான, இடையிடையே துணித் தடுப்பு உள்ள பையே நல்லது.

மரப்பெட்டி உண்மையில் தேவைப்படுவது மாட்யூலுக்குத்தான். 6 மி.மீ. பிளைவுட்டும் அலுமினிய விளிம்பும் போதும். உள்ளே வைக்கும் ஃபோம் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழ வேண்டும். இரண்டு கிலோ மாட்யூலுக்குக் கல் போன்ற ஃபோம் வைப்பதும் பலகையில் வைப்பதும் ஒன்றுதான். குலுக்கல் அப்படியே உள்ளே போகும். ஜாக்குகளைச் செருகியபடியே மூடுவது பெரிய தவறு. வேன் குலுங்கும்போது அவை நெம்புகோலாகி உள்ளே சால்டரிங்கைப் பிளக்கும். எல்லா வயர்களும் ஒரே கனெக்டரில் வரும் வகையானால் அதன் பின்கள் வளையாமலிருக்க மூடி போடுங்கள்.

ரேக் குழாய், ஸ்டாண்ட், பெடல் ஆகிய இரும்பெல்லாம் தனிப் பையில் போக வேண்டும். அதன் அடிப்பாகம் மட்டும் கெட்டியாக இருக்கட்டும். கழற்றுமுன் கிளாம்ப் நின்ற இடங்களில் வண்ண டேப் சுற்றிவிட்டால் மறுநாள் பொருத்துவது பாதி வேலை.

மலிவான மஞ்சள் ஸ்பாஞ்ச் ஈரக் காற்றில் சில வருடங்களில் பிசுபிசுத்துப் பொடியாகி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஈ.வி.ஏ. அல்லது பாலிஎத்திலீன் ஃபோம் கேளுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து புழுக்கத்துக்கு வந்தால் அரை மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள். நீர் கோப்பது பெட்டியின் மேலோடு நிற்கும்.

எடையும் கணக்கில் இருக்கட்டும். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்கு இலவச அளவு 40 கிலோ. உள்நாட்டு விமானச் சிக்கன வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோதான். பெரிய ஃபிளைட் கேஸ் காலியாகவே அதைத் தாண்டிவிடும்.

பெட்டி செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உள்ளளவு, ஃபோம் வகை, காலி எடை மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இசைக்கருவி பழுதுநீக்குவோர் சிலர்,
திருச்சி