தூர்வாருமுன் ஓடையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் ஆற்றில் சேரும் ஓடைகளைத் தூர்வாரி மீட்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும் படத்தையும் பார்த்தேன். படத்தில் பொக்லைன் இருக்கிறது, கொடியசைப்பவர்கள் இருக்கிறார்கள், நூல் பிடித்தாற்போல் வெட்டிய வாய்க்கால் இருக்கிறது. ஓடையைத்தான் காணோம்.

எங்கள் ஊர்ப் பள்ளத்துக்கும் (ஓடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முன்பு இதே வைத்தியம் நடந்தது. வளைவுகளை நிமிர்த்தினார்கள், தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமான மடுக்களை மூடினார்கள், சீமைக்கருவேலத்தோடு நொச்சியையும் புங்கையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். அடுத்த மழையில் வெள்ளம் தடையில்லாமல் பாய்ந்து, பிடிமானம் இழந்த கரையை அரித்து, அந்த மண்ணைக் கீழேயுள்ள தடுப்பணையில் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கே மறுபடி தூர்வார வேண்டுமாம். அள்ளிய மண்ணைக் கன மீட்டரில் அளந்து பில் போடும்வரை, மடுவை விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதிப்பது அவசியம்தான். ஆனால் படுகையும் கரையும் எப்படி இருக்கின்றன என்பதை அது சொல்லாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999-இல் திருத்தி வெளியிட்ட கையேட்டில் இதற்கு எளிய முறை இருக்கிறது. படுகையின் தன்மை, நீரின் வேகமும் ஆழமும், வண்டல் படிவு, கரையின் உறுதி, கரையோரச் செடிகொடி என்று பத்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். நடந்து பார்த்தே போடலாம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓட்டமுள்ள இடத்தில் கூழாங்கற்கள் எவ்வளவு புதைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கால்பங்குக்குள் என்றால் முதல் தரம். கற்களின் இடுக்கில் நீரோட்டம் இருக்கும். ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிகளின் இளம்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், மீனுக்கு அதுதான் தீனி. முக்கால்பங்குக்கு மேல் வண்டலில் புதைந்துவிட்டால் கடைசித் தரம். கற்கள் இருந்தும் குடியிருக்க இடமில்லை.

அந்தப் படிவத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அதில் நல்ல கரைக்கு 18 மீட்டருக்கு மேல் செடிகொடி கேட்கிறார்கள். இங்கே தென்னந்தோப்பு ஓடைக்குள்ளேயே இறங்கி நிற்கிறது! நம் ஓடைகள் பாதி வருடம் வற்றியும் கிடக்கும். ஆகவே மழை ஓய்ந்ததும் ஒருமுறை, கோடையில் எஞ்சும் மடுக்களைக் கணக்கெடுக்க ஒருமுறை என இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் இன்னும் கெடாத ஓடைப் பகுதிகளையே அளவுகோலாக வைக்கலாம்.

இந்த மதிப்பெண் பட்டியல் இல்லாமல் எந்த ஓடைக்கும் டெண்டர் விடக் கூடாது. எந்த மடுவைத் தொடக் கூடாது, எந்தக் கரையில் மரம் நட வேண்டும், குப்பையை மட்டும் அள்ளினால் போதுமா என்பதை அதுவே காட்டிவிடும். வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் கழிந்தபின் மறுபடி அளந்து, மதிப்பெண் கூடியிருந்தால்தான் கடைசித் தவணைப் பணம் என்று விதி வைக்கட்டும்.

அடுத்த கொடியசைப்புக்குத் தங்கள் நிருபர் போகும்போது, முந்தைய அளவீடு எங்கே என்று கேட்டு, பதில் எதுவானாலும் படத்தோடு வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தொண்டாமுத்தூர்