கண்டிச் சுற்றுலாவில் நூதனசாலைக்கும் நேரம் ஒதுக்குங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப் பாடசாலைகளில் இருந்து கண்டிக்குச் சுற்றுலா போகும் பஸ்கள் பெரும்பாலும் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, கடைத்தெரு என்று ஒரே தடத்தில் ஓடித் திரும்புகின்றன. மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தேசிய நூதனசாலைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இது பற்றி அதிபர்களும் ஆசிரியர்களும் யோசிக்க வேண்டும் என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் என் தங்கையின் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். நூதனசாலை இருக்கும் பல்லே வாஹல, அரசர் காலத்தில் ராணிமாரின் வாசஸ்தலம். 1942இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. ஆபரணங்கள், ஆயுதங்கள், தந்த வேலைப்பாடுகளை எல்லாம் பிள்ளைகள் வேகமாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். அவர்களை நிறுத்தியது, கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பிரதிதான். சோதனைக்காக மனனம் செய்த ஆண்டு கண்ணெதிரே கையொப்பங்களோடு கிடக்கிறது. வெளியே வந்து சில எட்டு வைத்தால் மகுல் மடுவ. மார்ச் 2ஆம் திகதி அந்த உடன்படிக்கை கைச்சாத்தான மண்டபம் அதுதான். ஆங்கிலேயர் பக்கத்தில் அதற்கு வழி செய்த ஜோன் டொய்லியின் கல்லறையோ நூதனசாலைக்குப் பின்புற மேட்டில், பழைய காவற்படை மயானத்தில் இருக்கிறது. ஒரு பாடம் முழுவதையும் கால்நடையாகவே நடத்தி முடித்துவிடலாம்.

பிறகு தெருக்களைச் சுற்ற வேண்டும். நாத தேவாலயத்துக்கு அருகே பத்தினி தேவாலயம். நாம் கண்ணகி என்று கும்பிடும் அதே அம்மன். நகருக்குள்ளே கதிர்காமக் கந்தனுக்கும் ஒரு தேவாலயம் இருக்கிறது. பெரஹரா ஊர்வலத்தில் நாத, விஷ்ணு தேவாலயங்களோடு இவை இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மலபார் வீதியில் நாயக்க அரசர்களின் உறவினர் வாழ்ந்தார்கள். 1739இல் வீரநரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது, மதுரையில் இருந்து வந்த நாயக்க ராணியின் தம்பி அரசரானார். அவரோடு தொடங்கி 1815 வரை நால்வர் ஆண்டார்கள். கண்டியை நம் அரசர்கள் ஆண்டார்கள் என்று பெருமைக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நாயக்கர்கள் தெலுங்கு மூலத்தைக் கொண்டவர்கள். கண்டியில் பௌத்தத்தைக் காத்த அரசர்களாகவே இருந்தார்கள். 1753இல் சியாமில் இருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதா என்னும் பிக்குமாரின் உயர் தீட்சையை மீட்டவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். இத்தனையும் கலந்த நகரம் கண்டி என்பதைப் பிள்ளைகள் முழுமையாகவே அறியட்டும்.

இந்த வரலாற்றில் நம் சனத்துக்கு உள்ள பங்கையும் அதே நடையில் சொல்லலாம். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் குடும்பத்தோடு கடல் கடந்து வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே 1832இல் இறந்தார். அவர் நாடு கடத்தப்பட்டுப் பத்து வருடம்கூட ஆகவில்லை, அதே தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிமாரின் பின்னே நம் முன்னோர் வரத் தொடங்கினார்கள். 1823இல் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையிலேயே மாண்டார்கள். 1867இல் கொழும்பில் இருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அரச மாளிகையோடு பாடத்தை நிறுத்திவிட்டால், மலையை வெட்டித் திருத்திய இந்தக் கைகளைப் பற்றி பிள்ளைகள் வேறெங்கே கேட்பார்கள்?

நேரம் இருந்தால் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையையும் காட்டலாம். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது; பழைய இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் நான் அதைவிட அவசியமாக நினைப்பது கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையைத்தான். லயத்துக் காம்பராக்களிலேயே அதை அமைத்திருக்கிறார்கள். பாட்டன் பூட்டன் பாவித்த சாமான்களும் தொழில் கருவிகளும் பழைய ஆவணங்களும் அங்கே உண்டு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கியதையும், ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்ததையும் ஆசிரியர் அங்கே வைத்துச் சொன்னால் பிள்ளைகளின் மனதில் நிற்கும். வகுப்பறையில் நான் எத்தனை முறை சொல்லியும் அப்படி நிற்கவில்லை.

கண்டி, கம்பளை இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பது சின்ன வகுப்புகளுக்குச் சிரமம். எட்டாம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளை, காலையிலேயே புறப்பட்டால், தாராளமாகக் கூட்டிப் போகலாம். பேராதனைப் பூங்காவை இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வார இதழின் மாணவர் பகுதியில், கண்டி நூதனசாலையையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் நடந்து பார்ப்பதற்கான தமிழ் வழிகாட்டி ஒன்றை, ஒரு சிறு வரைபடத்தோடு, அடுத்த தவணைச் சுற்றுலாக் காலத்துக்கு முன்பாக வெளியிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
புசல்லாவை.